பூட்டியல்: வீட்டுப் பெட்டகம் குறித்த ஒரு முன்னாய்வு

ஆடித் தள்ளுபடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டகம் வாங்குவது என்று முடிவானது. வாங்கப்போவது பெட்டகம்தான் என்றாலும், மூன்று வாரம் நடந்த விவாதம் முழுவதும் அதன் பூட்டைப் பற்றியே நடந்தது. அப்பா சாவிப் பூட்டின் கட்சி. தம்பி பொத்தான் பூட்டின் கட்சி. எதை வாங்கினாலும் பீரோவைத் தூக்கிப் போடக்கூடாது என்ற மூன்றாம் கட்சிக்கு அம்மா தலைவி. இவ்வளவு முற்றிய ஒரு பிரச்சினைக்குத் தமிழில் முறையான ஆய்வு ஒன்று இல்லையே என்ற ஏக்கத்தில் எழுதப்படுவது இக்கட்டுரை. பிழைகள் ஆய்வாளனுடையவை, பீரோ அம்மாவுடையது.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாமல் தொடங்கினால் தமிழாய்வு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். 'பூண்' என்பதும் இதற்கு நெருங்கிய உறவு. ஆக, நகையைப் பூணுவதும் பூட்டுவதும் ஒரே வேரின் இரு கிளைகள். முன்னது கல்யாண வீட்டில், பின்னது திரும்பி வந்ததும். இதற்கு மேல் நம் மொழி கையை விரித்துவிடுகிறது. சாவி என்ற சொல் போர்ச்சுகீசியர் தந்தது. அலமாரியும் அவர்கள் உபயம். பீரோ பிரெஞ்சு. லாக்கர் ஆங்கிலம். சாவியை ஒளித்து வைக்கும் இடங்கள் மட்டும், அடுக்குப்பானை, அஞ்சறைப்பெட்டி, தலையணை, முந்தானை முடிச்சு என்று, அந்நியக் கலப்பில்லாமல் நிற்கின்றன. வாசகர் இக்குறிப்பை எங்காவது பத்திரமாக வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

இனி வரலாறு. 1784-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790-இல் லண்டன் பிக்காடிலியில் இருந்த தம் கடைச் சன்னலில் ஒரு பூட்டை மாட்டி, சாவியில்லாமல் கருவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது வாய் திறக்கவில்லை. 1851-இல் பெருங்கண்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாள்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். பிராமா தோற்றார் என்று பூட்டியலார் எழுதுவார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பூட்டின் முன் 51 மணி நேரம் உட்கார நம் வீட்டில் எந்தத் திருடனுக்கும் பலகை போடுவதில்லை, உறவினருக்குப் போடுகிறோம். பொங்கலுக்கு வரும் மாமா நான்கு நாள் தங்கினால் 96 மணி நேரம். அவர் உழைப்பாளி அல்லர் என்பது ஒன்றே ஆறுதல்.

1818-இல் ஜெரமையா சப் செய்த பூட்டு மனித இயல்பை இன்னும் நெருங்கியது. அதில் தவறான சாவியை விட்டுத் திருகினால் உள்ளே ஒரு நெம்புத் தகடு அளவுக்கு மேல் உயர்ந்து மாட்டிக்கொள்ளும். பிறகு சொந்தச் சாவிக்கும் உடனே இணங்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடையவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். என்ன நடந்தது என்று சொல்லாமல் ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துத் தெரிவிக்கும் இந்தக் கலையை எங்கள் அத்தையும் அறிவார்.

சப் பூட்டு பிறகு சொல்லும். திண்டுக்கல் மணிப்பூட்டு அப்போதே சொல்லும். சாவி திரும்பும்தோறும் உள்ளே மணி அடிக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மாங்காய்ப் பூட்டு கண்ணுக்கு அழகு என்றால், மணிப்பூட்டு குடும்ப அனுபவத்தின் சாரம். திருடன் என்பவன் நள்ளிரவில் சுவரேறி வருகிறவன் என்று அதைச் செய்தவர் நினைக்கவில்லை. பட்டப்பகலில், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, நம் ஆளே திறப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பீரோவில் மணி இல்லை. ஆனால் கைப்பிடியைத் திருகினால் 'டக்'. கதவை இழுத்தால் 'கிறீச்'. அப்பா எத்தனையோ முறை தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு நெருங்கினார், அம்மா விடவில்லை. அதைச் சோம்பல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே 'யார்றா பீரோவைத் திறக்கிறது?' என்று அவள் கேட்பதை ஆய்வுக்காகக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் மறுப்பின் உட்பொருள் விளங்கியது.

எண் வட்டு சுழற்றும் பூட்டுக்கு வருவோம். வட்டில் நூறு எண், உள்ளே மூன்று சக்கரம், மொத்தம் பத்து லட்சம் சேர்க்கை என்பது விற்பவர் கணக்கு. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலையில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பொழுதுபோக்காக இப்பூட்டுகளை ஆராய்ந்தார். எண் இரண்டு முன்னே பின்னே விழுந்தாலும் அவை திறந்துவிடுவதைக் கண்டார். ஆகவே ஐந்துக்கு ஒன்றைச் சோதித்தால் போதும். சக்கரத்துக்கு 20, மொத்தம் 8,000. அதற்கும் பொறுமை இல்லாதபோது பூட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். சக விஞ்ஞானி ஒருவரின் ரகசிய அலமாரி 27-18-28 என்ற எண்ணுக்குத் திறந்தது. அது 2.71828 என்று தொடங்கும், கணக்கு வாத்தியார்களின் செல்ல மாறிலி. அணுகுண்டு ரகசியத்தையே மறக்காத எண்ணால் பூட்டியவர்கள் இருக்கும்போது நம் வீட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

நான்கு இலக்கப் பொத்தான் பூட்டில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு செல்லவில்லை. எண்கணிதத்தில் நம்பிக்கையுள்ள அப்பா, கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது வரவேண்டும் என்றார். அப்படி வருபவை சரியாக 1,111. ஒரே நிபந்தனையில் பூட்டின் பலம் ஒன்பதில் ஒரு பங்கானது. மறக்காத நம்பராக இருக்கட்டும் என்றாள் அம்மா. மறக்காத நம்பர் என்றால் பிறந்தநாள். வீட்டில் எங்கள் பிறந்தநாள்களைக் கூட்டிப் பார்த்ததில் தம்பியின் செப்டம்பர் 18 மட்டுமே, 1809 என்று எழுதினால், ஒன்பதுக்கு வந்தது. பத்தாயிரத்தில் தொடங்கிய பேரம் ஒன்றில் படிந்தது. அந்தத் தேதியில் தெரு முழுவதற்கும் ஆண்டுதோறும் கேக் கொடுத்திருக்கிறோம்.

ரேகைப் பூட்டை நெடுநேரம் ஆராயவில்லை. ரேஷன் கடைக் கருவியில் எத்தனை முறை அழுத்தியும் பாட்டியின் ரேகை விழாததை, பின்னால் வரிசையில் நின்று கண்டவன் நான். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையும் தேய்ந்துவிட்டது. நகையில் முக்கால்வாசி அவளுடையது.

ஓர் இடைக்குறிப்பு. கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டகத்தை ஒருவரே இரு கையால் தூக்கிவிடலாம். அதன் முதுகில் இருக்கும் துளைகள் காற்றோட்டத்துக்கு என்று எங்கள் வீட்டில் நம்பினோம். சுவரோடு போல்ட் போட்டு இறுக்கத்தான் அவை. இறுக்காத பெட்டகத்தைத் திறக்கத் திருடன் பாடுபட வேண்டியதில்லை, ஆட்டோ பிடித்தால் போதும். வாடகை வீட்டில் காலண்டர் ஆணிக்கே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். போல்ட்டுக்கு என்ன செய்வார் என்று ஆராயத் துணிவு வரவில்லை.

இப்போது ஆய்வின் மையம். எந்தப் பூட்டுக்கும் அதன் சாவி கிடக்கும் இடத்தின் பலம்தான் உண்டு. அந்த இடங்களை வகைப்படுத்த மேலைநாட்டார் உதவவில்லை, தொல்காப்பியர் உதவினார். ஐந்திணையும் அவற்றின் உரிப்பொருளும் சாவிக்கு இம்மி பிசகாமல் பொருந்துவது கண்டு நானே திகைத்தேன்.

உயர்ந்த இடம் குறிஞ்சி: பீரோவின் தலை. விரித்த பழைய செய்தித்தாளுக்கு அடியில் சாவி கிடக்கும். நீட்டிய கைக்கு உடனே வந்துவிடும் என்பதால் உரிப்பொருள் புணர்தல். யார் கை என்று குறிஞ்சிச் சாவி பார்ப்பதில்லை. முல்லை, அம்மாவின் இடுப்பு. அவள் கோயிலிலிருந்து திரும்பும்வரை வீடே வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும். இருத்தல். முல்லைக்குச் சிறுபொழுது மாலை என்று இலக்கணம் வகுத்தவர்களுக்குப் பிரதோஷக் கூட்டம் எப்படித் தெரிந்ததோ! மருதம் நெல் விளையும் நிலம், ஆகவே அரிசி டிரம். ஒருநாள் சாவி தேடிய அப்பா தோள்வரை கையைவிட்டு, கூடம் முழுக்க அரிசியைக் கொட்டினார். ஊடல் இரவுச் சாப்பாட்டையும் தாண்டியது. நெய்தல் உப்பு ஜாடி. அதில் ஒளித்தவர் எங்கள் பெரியம்மா ஒருவர்தான். துருவேறிய சாவி ஒரு முகூர்த்த நாள் காலையில் துவாரத்துக்குள்ளேயே ஒடிந்தது. இரங்கல், சொந்தபந்தம் சூழ நடந்தது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது. ரொம்பப் பத்திரமான இடம் என்று யோசித்து யோசித்து வைக்கப்பட்ட சாவி பாலைச் சாவி. 'இங்கதானே வச்சேன்' என்ற சொல் பிறந்த கணமே பிரிவு தொடங்கிவிடும்.

இதிலிருந்து ஒரு தேற்றம் கிடைக்கிறது. சாவி என்று இருந்தால் அதை எங்காவது வைக்கவேண்டும். வைத்த இடத்தைப் பூட்டினால் இன்னொரு சாவி பிறக்கும். அதையும் எங்காவது வைக்கவேண்டும். பிறவிச் சுழல் போன்ற இத்தொடர் பூட்டே இல்லாத ஓரிடத்தை அடைந்தால்தான் முக்தி. அவ்விடத்துக்குக் 'கடைத்திறவிடம்' என்று பெயரிட்டிருக்கிறேன். பெட்டகம் எந்த விலையானாலும் அதன் நிஜப் பூட்டு கடைத்திறவிடம்தான்.

தேற்றத்தைச் சோதிக்கும் வாய்ப்பு தானாகவே அமைந்தது. தம்பி கட்சி வென்று பொத்தான் பெட்டகம் வந்தது. பேட்டரி தீர்ந்தால் திறக்க அவசரச் சாவியும் கூடவே வந்தது. அதைப் பெட்டகத்துக்குள் வைக்கவேண்டாம் என்று கையேடு எச்சரித்ததால் பீரோவின் லாக்கரில் வைத்தோம். லாக்கர் சாவி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில். பீரோ சாவி அம்மா பொறுப்பு.

போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் தம்பிக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. 1809 அழுத்தினான். பேட்டரி செத்திருந்தது. அம்மா திருச்செந்தூரில் இருந்தாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"பூஜை ரூம்ல, பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி" என்றாள் அம்மா. "மெதுவாப் பேசு, வேலையாள் காதுல விழப்போகுது."

ஏணியின் உச்சியில் நின்றவர் பிரஷ்ஷை வாளியில் தோய்த்தபடி திரும்பினார்.

"அங்க இல்லம்மா. சுண்ணாம்பு தெறிக்குமேன்னு நேத்தே எடுத்துட்டேன். தெருப்பக்கத்து ஜன்னல்ல இருக்கு பாருங்க."