காசு குடுத்து வாங்குன அழுக்கு

ஏலே பேராண்டி, அந்தப் பெட்டியை இங்கன கொண்டா. எவ்வளவு குடுத்தே? சரி, சத்தமாச் சொல்லாத, ஒங்க அம்மை காதுல விழுந்துரும். டிஜிட்டல் கிட்டார் ப்ராஸஸராம்! நீ வாசிச்சதை மயிரிழை பிசகாமத் திருப்பிக் குடுக்கு. நீ என்னடான்னா, 'தாத்தா, பழைய டேப் எக்கோ மாதிரி வரலையே'ங்க. எப்படிலே வரும்? ஒன் பெட்டிக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணுகூடக் கெடையாதே!

1959 வாக்குல அமெரிக்காவுல எக்கோப்ளெக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. மைக் பேட்டில்ங்கிறவரு கைவேலை. உள்ளுக்குள்ள டேப்பு வளையமாச் சுத்திக்கிட்டே கெடக்கும். ஒரு ஹெட்டு பதியும், இன்னொண்ணு தள்ளி நின்னு படிக்கும். ஊடால உள்ள தூரந்தான் தாமதம். ஹெட்டை நகத்துனா சுருதியும் கூடவே வழுக்கும். டேப்பு தேயும், மோட்டாரு தெணறும், ஹெட்டுல பழுப்புத்தூள் அப்பும். வச்சிருந்தவனெல்லாம் பஞ்சும் ஸ்பிரிட்டுமாத் தொடைச்சுத் தொடைச்சே கெழவனானான். நீ சுத்தமானதை வாங்கிட்டு அழுக்கைத் தேடி அலையுதே. நல்லாருக்குலே பொழப்பு.

சரி, அழுக்குக்கும் ஒரு பதம் இருக்கு. மொதல்ல ஹை கட்டைப் பிடி. 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதை வெட்டு. எங்க வெட்டுதேங்கிறதுதான் சூட்சுமம். ஃபீட்பேக் சுத்துக்கு வெளிய வெட்டுனா எல்லா எதிரொலியும் ஒரே மழுக்கல். சுத்துக்குள்ள வெட்டுனா, ஒவ்வொரு தடவை திரும்பி வாரப்பயும் இன்னும் கொஞ்சம் மங்கும். டேப்பு அப்படித்தாம்லே மங்கும். இதை விட்டுட்டு டைம் குமிழையே போட்டுத் திருகாத.

அடுத்து வவ், ஃப்ளட்டர், அதான் டேப்பு ஓட்டம் தடுமாறிச் சுருதி ஆடுறது. நேத்து நீ வச்சிருந்ததைக் கேட்டேன், குடிகாரன் சைக்கிள் ஓட்டுன மாதிரி இருந்துச்சு. ஆடுதுன்னு காதுக்குத் தெரியவே கூடாது. அணைச்சாத்தான் என்னமோ கொறையுதேன்னு தோணணும்.

டிலேக்கு முன்னால ஒரு பூஸ்ட்டையும் போடு. ஈ.பி.-3 எக்கோப்ளெக்ஸை எக்கோவே வேண்டாம்னு, அதோட ப்ரீஆம்ப் குடுக்கிற கனத்துக்காகவே வச்சிருந்தவங்க உண்டு.

எல்விஸ் குரலுக்குப் பின்னால ஒத்தை அடி விழுதே, அது மெம்பிஸ்ல சாம் பிலிப்ஸ்ங்கிற ஸ்டுடியோக்காரரு டேப் மெஷினை வச்சுப் பண்ணுன வித்தை. அது வேணும்னா 120, 140 மில்லி செகண்டு வை. ரிப்பீட்டு ஒண்ணே ஒண்ணு. நீ ஏழு வச்சிருக்கே! ஒரு தடவை சொன்னா ஒன் காதுல ஏறாதுங்கிறது வீட்டுக்குத் தெரிஞ்ச விஷயம், அது ஊருக்குமா தெரியணும்?

இன்னொண்ணு. பாஸ் டி.எம்.-2 மாதிரி வேணும்னுட்டு 800 மில்லி செகண்டு வச்சிருக்கே. 1981-ல வந்த அந்த அனலாக் பெடலு 300-ஐத் தாண்டாதுலே. சிப்புக்குள்ள 4096 படி, கடிகாரம் துடிக்கத் துடிக்கச் சத்தம் ஒவ்வொரு படியா நகரும். தாமதத்தை இழுக்கணும்னா கடிகாரத்தை மெதுவாக்கணும். மெதுவாக்குனா அந்தக் கடிகாரச் சத்தமே பாட்டுக்குள்ள பூந்துரும். அதுக்குப் பயந்துதான் பெடலைச் செஞ்சவன் மேல்சத்தத்தை வடிகட்டுனான். நீ உருகிக் கேக்கியே அந்த 'வார்ம்' டோனு, எல்லாம் அந்த வடிகட்டல்தான்.

மிக்ஸை எறக்கு. இன்னும் எறக்கு. ஆங், கிட்டாருக்குப் பின்னால நிக்கட்டும்.

அது என்னலே, கடைசியா ஒரு குமிழு... டேப் ஹிஸ்ஸா? இரைச்சலையுமா காசு குடுத்து வாங்கியிருக்கே? அதைத் தொடாத. ஒங்க வீட்டு மேசை ஃபேனு எதுக்கு இருக்கு?