லோரி வந்துகொண்டிருக்கிறது

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கண்ட இடத்திலெல்லாம் பாக்கெட் தைத்த அரைக்கால் சட்டை. ஒன்றில் டார்ச், இன்னொன்றில் அளவு டேப். எதிரில் ஆடை கட்டிப்போன தே தாரேக். கையில் போன், அதில் ஜெர்மனியில் ஏதோ ஒரு தோட்டத்து மூலையில் மழையில் நனைந்தபடி நிற்கும் பழைய ராணுவ யூனிமோக். நாம் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

“தம்பி, இதோட ஆக்சில் எங்க இருக்குன்னு பாரு.”

பார்க்கிறோம். சக்கரத்தின் மையத்துக்கும் மேலே இருக்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தனியாகப் பல்சக்கரம் வைத்து அச்சைத் தூக்கியிருக்கிறார்கள். அதனால் அடிவயிறு பாறையில் இடிக்காது, முழங்கால் தண்ணீர் அதற்குத் தண்ணீரே இல்லை. போர் முடிந்த கையோடு, 1940களின் கடைசியில், ஜெர்மன் விவசாயிகளுக்காகச் செய்த வண்டி. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “அடுத்த வருஷம் இந்நேரம் நான் மங்கோலியாவுல” என்பார். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

கேம்பர் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தாமானுக்கு ஒருவர் தேறுவார். ஐம்பத்தைந்து வயதில் ஈ.பி.எஃப். பணம் கைக்கு வரும்போது நம் ஆண்களில் சிலர் வீட்டு முன்பக்கத்தை உடைத்து நீட்டுவார்கள். சிலர் மச்சானை நம்பிச் சாப்பாட்டுக் கடை போடுவார்கள். இவருக்கு மச்சான்மேல் நம்பிக்கை கிடையாது. பழைய லோரி ஒன்றை வெளிநாட்டிலிருந்து இறக்கி, அதன் முதுகில் வீடு கட்டி, மனைவியோடு ஊர் ஊராகப் போகப்போகிறார். மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த ஆசை எப்போது பிடித்தது என்பதற்குத் தேதியே உண்டு. 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். பாசார் வரைக்கும்கூடப் பெருமூச்சோடு போய்வந்த காலம் அது. மாநில எல்லை இடையில் திறந்து மூடி, கடைசியாகத் தாண்ட அனுமதி கிடைத்தது 2021 அக்டோபர் 11-ல். இடைப்பட்ட மாதங்களில் அண்ணன் சோபாவில் படுத்தபடியே போனில் பாமிர் மலையைக் கடந்துவிட்டார். அந்த டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறி கார்கள் மிதந்தபோது யூனிமோக்குக்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது. “சொன்னேன்ல? உயரமான வண்டிதான் உயிரக் காப்பாத்தும்.”

முன்னோர்களும் அவருக்கு உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். பர்மாக் காட்டுப் பாதையைக் கடந்து, நம் மலாயா வழியாகத்தான் அந்த வண்டிகள் இறங்கிப் போயின. அண்ணன் இதைத் தன் பெரியப்பா பிள்ளைகள் செய்த காரியம் மாதிரி சொல்வார். “அவனுங்களால அப்பவே முடிஞ்சது. நம்மால முடியாதா?” அவர்களுக்குப் பர்மா திறந்திருந்தது. மியன்மாரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்தப் பாதையை நம்பி யாரும் மூட்டை கட்ட முடியாது. இதைச் சொன்னால் அண்ணன் அசரமாட்டார். “லாவோஸ் வழியா சீனா போயிட்டுப் போறேன். அங்க ஒரு கைடு வெச்சுக்கணும், தற்காலிக நம்பர் பிளேட் எடுக்கணும், அவ்வளவுதான்.” அவருடைய அகராதியில் ‘அவ்வளவுதான்’ என்றால் ஆறு மாத வேலை.

எந்த லோரி என்பதில் மட்டும் கொள்கை மாறிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை யூனிமோக். அதை ஓட்ட கனரக வாகன ‘இ’ லைசென்ஸ் வேண்டும், நம் கார் லைசென்ஸ் 3,500 கிலோவுக்கு மேல் செல்லாது என்று மகன் சொன்னதும் புதன்கிழமை பெட்போர்டுக்கு மாறுவார். தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றிய லோரி, பழைய பாசம். வெள்ளிக்கிழமைக்குள் ஜப்பானுக்கு வந்துவிடுவார். இங்கே ஒரு சின்னப் பிரசங்கம் உண்டு: 2003 அக்டோபரில் தோக்கியோவும் பக்கத்து மாநிலங்களும் பழைய டீசல் புகைக்குத் தடை போட்டன, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லோரிகள்கூட ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று, அவை கப்பலேறி வேறு நாடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. “ஜப்பான்காரன் தூக்கிப் போட்டதுதான் தம்பி நமக்குப் புதுசு.”

அடுத்த காட்சி போர்ட் கிள்ளான். போர்வர்டிங் ஏஜெண்டு ஆபீஸ். அண்ணன் கையில் ஒரு ஃபைல்; அதற்குள் பல நாட்டு லோரிகளின் படங்கள், பிளாஸ்டிக் உறை போட்டு. ஏஜெண்டும் நம்மாள்தான். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

“இறக்குமதி ஏ.பி. இருக்காண்ணே?”

“எடுத்துக்கலாம்.”

“அத மீட்டி அமைச்சு குடுக்கணும்ணே. வெளிநாட்டுல படிச்சவங்க, வேலை பாத்தவங்க, சொந்த வண்டியக் கொண்டு வந்தா அது ஒரு கணக்கு. நீங்க எங்க வேலை பாத்தீங்க?”

“காப்பார்ல.”

ஏஜெண்டு ஃபைலை மூடினார். “ரீகண்டு காருக்கே அஞ்சு வயசுதான் கெடு. உங்க லோரிக்கு என் வயசு.”

கப்பல் கூலி, இறக்குமதி வரி, கஸ்டம்ஸ் கே1 பாரம், துறைமுகத்தில் வண்டி நிற்கும் நாளுக்கெல்லாம் வாடகை என்று அவர் சொல்லச் சொல்ல அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து கைகொடுத்து, “சரி, அப்ப நீங்க பாத்து வைங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் கேட்டதற்கு, “பேசியாச்சு, லோரி வந்துக்கிட்டிருக்கு” என்றார். அன்றிலிருந்து லோரி வந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, வராத லோரிக்காக அவர் பட்ட வேதனையை லோரி முதலாளிகள்கூடப் பட்டிருக்கமாட்டார்கள். மங்கோலியா வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கடல் கடந்து தேடியது கடைசியில் கிடைத்தது மேரு பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில். கிள்ளான் வட்டாரத்தில் ஹாஃப் கட் வியாபாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஜப்பானில் வண்டியைக் குறுக்கே அறுத்து, இன்ஜினும் கேபினும் உதிரிபாகக் கணக்கில் கண்டெய்னரில் வந்து இறங்கும். அப்படி வந்த இன்ஜின் ஒன்று உள்ளூர் சேசிஸில் உட்கார்ந்து, பல வருஷம் போர்ட் கிள்ளானில் மீன் ஏற்றிக் களைத்து, லாலான் புல்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. மூன்று டன் லோரி. முதுகில் ஐஸ் பெட்டி.

அந்த இடத்தில் அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். மாமாக் கடையில் பேசும் மனிதர் இல்லை அவர். ஒரு வார்த்தை பேசாமல் சேசிஸுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். மோதிர விரலால் இரும்பைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். கிண்ணென்று கேட்ட இடத்தைத் தாண்டி, பொத்தென்று கேட்ட இடத்தில் நகத்தால் சுரண்டி, துருவை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். வெளியே வந்து டிப் ஸ்டிக்கை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து முகர்ந்தார். கடைத் தவுக்கே ஸ்க்ரூ டிரைவரை விட்டு இன்ஜினைக் கிளப்பியதும் புகைக் குழாய்க்கு முன்னால் கையை வைத்தார். கரும்புகை. “இன்ஜெக்டர்தான். பிஸ்டன் நல்லாருக்கு” என்றார். தவுக்கேவுக்கே முகம் மாறிவிட்டது. கேட்ட விலையில் உடனே கொஞ்சம் குறைத்தார்.

இந்த வித்தையெல்லாம் அப்பாவிடம் கற்றது. அப்பா புக்கிட் ராஜா தோட்டத்து லோரி டிரைவர். 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிய பிறகும் கடைசிவரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். துறைமுகத்தில் சரக்கு இறக்க முறை வரும்வரை கேபினிலேயே படுத்து, குழாயடியில் குளித்து, மண்ணெண்ணெய் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு வந்தவர். சட்டியில் மிச்சக் குழம்போடு திரும்புவார். பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்பார்கள்.

லோரி வாசலுக்கு வந்த அன்று அக்காள் (அண்ணனின் மனைவியைத்தான் சொல்கிறேன்) கதவில் சாய்ந்துகொண்டு மேலும் கீழும் பார்த்தார். “எங்க மாமனார் ஆயுசு பூரா லோரியிலதான் படுத்தாரு. அதுக்கு தோட்டத்துல சம்பளம் குடுத்தாங்க. நீங்க ஈ.பி.எஃப். காச குடுத்துப் படுக்கப் போறீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் நம்மிடம் திரும்பி, “அது வேற, இது ஓவர்லேண்டிங்” என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

ஐஸ் பெட்டி வாங்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கத்தான் செய்கிறது. சுவருக்குள் நுரைத்தகடு அடைத்திருப்பதால் மத்தியான வெயில் உள்ளே இறங்காது. தனியாக இன்சுலேஷன் செலவில்லை. ஆனால் மீன் இருக்கிறதே, அது போகவில்லை. வினிகர் ஊற்றிக் கழுவினார், கரி மூட்டை வைத்தார், மூன்று வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார். சாம்பிராணி மணமும் மீன் வாடையும் சேர்ந்து புதிதாக ஒன்று உண்டானது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் கால் மணி நேரத்தில் தெருப் பூனைகள் வட்டமாக வந்து உட்கார்ந்தன. உலகம் சுற்றப்போகிறவருக்கு முதல் ரசிகர் மன்றம் அதுதான்.

உள் வேலை அடுத்த ஆண்டு முழுக்க நடந்தது. கட்டில் நீளத்துக்காக, தூங்கிக்கொண்டிருந்த அக்காளை டேப் வைத்து அளந்து நடுராத்திரியில் மாட்டிக்கொண்டார். சாமி மேடை கிழக்கு பார்க்க வேண்டும் என்று அக்காள் சொல்லிவிட்டார். லோரி யூ-டர்ன் அடித்தால் முருகன் மேற்கு பார்ப்பார் என்பதற்கு இன்றுவரை தீர்வு கிடைக்கவில்லை. பேட்டரிக் கணக்கு இன்னும் மோசம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் மொத்தம் 2,400 வாட்-மணி. ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் 800 வாட் இழுத்தால் மூன்றே மணி நேரம். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு எழுந்துவிட வேண்டியதுதான். இதில் மிக்சி ஓட வேண்டுமே என்று அக்காள் கேட்டபோது, சட்னியை விட்டுக்கொடுக்க முடியுமா என்று அண்ணன் கேட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டிலும் சட்னி இல்லை.

பிறகு ஜே.பி.ஜே. கெரானில் சரக்கு லோரி என்று இருப்பது வீடு என்று மாற வேண்டும். வரைபடம், அனுமதிக் கடிதம், புஸ்பாகோம் சோதனை. சரக்கு லோரியாகவே விட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு இது மேல் என்று போய் நின்றார். சோதனை அதிகாரி கதவைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, “இக்கானா?” என்று கேட்டார். மீன் இல்லை, வீடு என்று விளக்கி முத்திரை வாங்கி வருவதற்குள் அண்ணனுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. தெங்கு கெலானா சாலையில் மாலை வாங்கி, கோயில் வாசலில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து வண்டியை எடுத்தார். வண்டியோடு எல்லை தாண்ட ஆட்டோமொபைல் சங்கத்தில் கார்னே புத்தகத்துக்கும் விசாரித்து வைத்தாயிற்று. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்குக் கிளம்ப நல்ல நாள் குறித்தாயிற்று.

நம் சமூகத்தில் ஒருவரிடம் லோரி இருக்கிறது என்ற செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் போன் பூச்சோங்கிலிருந்து, தங்கை மகள்: “மாமா, வீடு மாத்துறோம், சோபா மட்டும்தான்.” அடுத்தது கல்யாண வீட்டு அண்டா குண்டா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான்கள் பத்துமலைக்கு. லோரி இதுவரை போன அதிகபட்ச தூரம் ரவாங். மங்கோலியா அதே திசையில்தான் இருக்கிறது, வடக்கே.

போன வாரம் மாமாக் கடையில் பார்த்தபோது மறுபடியும் போன் வந்தது. அண்ணன் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “யோவ், இது டிரான்ஸ்போர்ட் வண்டி இல்ல, மோட்டார் ஹோம். சரக்கு ஏத்துனா பெர்மிட்டு வேணும், புடிச்சா சம்மன்” என்று நீளமாகச் சட்டம் பேசினார். எதிர்முனையில் கெஞ்சல். அண்ணன் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“பிரிட்ஜு ஒரு கதவா, ரெண்டு கதவா? கொண்டு வா. வீட்டுக்குள்ள பிரிட்ஜு வைக்கிறதுக்கு எவன் சம்மன் போடுவான்?”