முத்திரை இலக்கணச் சுருக்கம்

சான்றிதழ் இருதிணைத்து: உள்ளூரில் செல்வது, கடல் கடந்து செல்வது. முன்னதற்கு ஒரு கையெழுத்து போதும். பின்னதற்கு அந்தக் கையெழுத்து மெய்யென்று சொல்ல ஒரு கையெழுத்தும், அதை மெய்யென்று சொல்ல இன்னொன்றும் வேண்டும். இந்நூல் பின்னதையே பேசும்.

போகும் நாடுகள் மூவகை. 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கைக்குள் இருப்பவை முதல் வகை. இவற்றுக்கு வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்னும் சான்று இருந்தால் தூதரக வாசலை மிதிக்க வேண்டாம். இந்தியாவுக்கு இந்த வசதி 2005 ஜூலை 14 முதல் உண்டு. உடன்படிக்கைக்கு வெளியே நிற்பவை இரண்டாம் வகை: எமிரேட்ஸ், கத்தார், குவைத் முதலியன. இவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம், அங்கே போய் இறங்கியபின் அந்நாட்டு வெளியுறவுத் துறை என்று படிப்படியாக ஏற வேண்டும். உடன்படிக்கைக்குள் இருந்துகொண்டே நம்மிடம் மட்டும் முகம் திருப்புபவை மூன்றாம் வகை. உதாரணம் ஜெர்மனி, இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் சொன்ன நாடு. நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது.

திணை மயக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் சவூதியும், 2024 ஜனவரியில் கனடாவும் இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு ஏறின. இச்செய்தி சில ஏஜென்ட்டுகளின் கட்டணப் பட்டியலை இன்னும் எட்டவில்லை என்பர்.

இனி ஒப்பமிடுவோர். பச்சை மைக் கெசட்டட் ஆபீசர் உள்ளூரில் பெருந்தெய்வம். விமான நிலையம் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. நோட்டரி கோர்ட் வாசலில் கிடைப்பார். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு செய்யும் சான்றொப்பத்தை ‘எச்.ஆர்.டி.’ என்பது வழக்கு. அப்பெயர் கொண்ட மத்திய அமைச்சகமே 2020-இல் கல்வி அமைச்சகமாகிவிட்டது. ஏஜென்ட் வாயில் அது சிரஞ்சீவி.

இவர்கள் எதை மெய்யென்கிறார்கள் என்பதே இந்நூலின் கடினமான இடம். அப்போஸ்டிலில் எண்ணிட்ட பத்து வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவியில் இட்டது, யாருடைய முத்திரை. பிறகு ஊர், தேதி, எண், இத்யாதி. உள்ளே எழுதியிருக்கும் மதிப்பெண் பற்றி ஒரு வரியும் இல்லை. பல்கலைக்கழக அதிகாரியின் கையெழுத்து அவருடையதே என்று மாநிலம் சொல்லும். மாநிலத்தின் கையெழுத்து மாநிலத்தினுடையதே என்று மத்திய அரசு சொல்லும். இரண்டாம் வகை நாடென்றால் அதை ஆமென்று தூதரகம் சொல்லும். தெர்மோடைனமிக்ஸ் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைக் குறை என்பாரும் உளர். எம் கருத்து அதுவன்று. மாணவனை முன்பின் பார்த்திராத நால்வர் அவனைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆவணக் குற்றங்கள் பல. தமிழர்க்கே உரியவை இரண்டு. முதலாவது லேமினேஷன். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அப்பா அதை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுவார். ஸ்டிக்கரும் முத்திரையும் விழவேண்டியது தாளின் முதுகில். பிளாஸ்டிக்கில் மை நிற்காது. பல வருஷம் கழித்து மகன் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து, மூலையை நகத்தால் நெம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிப்பான். அதிகாரியின் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டால், அது டூப்ளிகேட் சர்டிபிகேட் எனும் தனி இயல், விரிப்பிற் பெருகும்.

இரண்டாவது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் ‘குமார்’, மார்க்‌ஷீட்டில் ‘ஆர். குமார்’, பாஸ்போர்ட்டில் ‘குமார் ராமசாமி’. அதிலும் ராமசாமிக்கு நடுவே ஓரிடத்தில் ஒரு டபிள்யூ. வெளிநாட்டு அதிகாரி கண்ணுக்கு இவர்கள் மூவர். மூவரும் ஒருவரே என்று முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் ஒப்பம் வாங்குவது பரிகாரம். அந்தப் பத்திரமும் கடல் கடக்க வேண்டியதே ஆகலின், நோட்டரியின் கையெழுத்து நோட்டரியுடையதே என்று சொல்ல முதலில் மாநில அரசிடம் போக வேண்டும்.