லாகின் மறுத்தருளும் பெருமானுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! கனடா தேசத்து வான்கூவரில் அவதரித்து, 1994-இல் சீகேட் இல்லம் புகுந்து, 2003-இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் அரண்மனைக்கு எழுந்தருளி, 2007-இல் எஸ்ஏபி சக்கரவர்த்தியே விலைபேசி வரவழைத்த, ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளாகிய கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் மகாராஜ ராஜஸ்ரீ அவர்களின் திருச்சமூகத்துக்கு, ஆரப்பாளையத்துக் கணக்குப்பிள்ளைகளின் அநேக கோடி நமஸ்காரம். இத்தனை அரண்மனை மாறியும் கோட்டை வாசலில் நிற்கும் அந்த லாகின் பெட்டியை விட்டுக்கொடுக்கவில்லையே! பரம்பரைச் சொத்தை இப்படிக் கட்டிக்காப்பவர் வேறு யார்?

முதலில் தங்கள் விசுவாசத்தைப் பாட வேண்டும். ரிப்போர்ட்டை வடிவமைத்த தம்பி அதைத் தன் கம்ப்யூட்டரில் செய்தான். அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் தாங்கள் நெஞ்சில் பொறித்துக்கொண்டீர்கள். தம்பி கோயம்புத்தூர் பஸ் ஏறி வருஷங்கள் ஆயிற்று. கம்ப்யூட்டர் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயிற்று. கடைக்குப் புது சர்வர் வந்து, சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. தாங்களோ இன்னமும் பழைய எஜமானையே தேடுகிறீர்கள். நடுகல்லுக்குப் படையல் போடும் குடிகளிடம்கூட இப்படியொரு நன்றியைக் கண்டதில்லை. ‘செட் டேட்டாசோர்ஸ் லொகேஷன்’ என்ற பரிகாரம் செய்தால் மனமிரங்குவீர்கள். அதற்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருளோ தம்பியோடு கோயம்புத்தூரில் இருக்கிறது. கைக்கு எட்டிவிட்டால் அது வரமா என்ன?

அந்தப் பெட்டியின் பேரழகை என்னென்பது! நான்கு கட்டங்கள். சர்வர் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் சாம்பல் பூசிய துறவிகள், தொட முடியாது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதத் திறந்திருப்பவை. பிழை இருப்பது முதல் கட்டத்தில், திருத்தும் உரிமை கடைசி இரண்டில். இந்த நுட்பம் தேவலோகத் தச்சனுக்கும் வாய்க்காது.

தாய் ரிப்போர்ட்டுக்கு வழி சொன்னால் போதும் என்று நினைக்கும் மூடர்களையும் தாங்கள் கைவிடுவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் சப்-ரிப்போர்ட் ஒவ்வொன்றின் காதிலும் அதே முகவரியைத் தனித்தனியே ஓதவைத்து உய்விக்கிறீர்கள்.

பாஸ்வேர்டை ரிப்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளாத தங்கள் ரகசியக் காப்பும் வாழ்க. அதனால்தான் அது மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில், டீ கொண்டுவரும் பையனும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி, பத்திரமாக இருக்கிறது. பயனர் பெயர் ‘எஸ்ஏ’. சர்வரின் சர்வ அதிகாரமும் பெற்றவர்! மாதாந்திர சரக்குக் கணக்கை எட்டிப்பார்க்க அவரைவிடச் சின்ன ஆளை அனுப்பினால் மரியாதையாக இருக்குமா?

முகவரி சரியாகிப் புது சர்வரை எட்டினாலும், உள்ளே வீற்றிருந்து டேட்டாபேஸைக் காக்கும் எஸ்க்யூஎல் சர்வர் மந்திரியாரின் நாவடக்கம் தனிக் காவியத்துக்கு உரியது. 18456 என்ற மந்திர எண்ணைச் சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுவார். அப்படியொரு பயனரே இல்லையென்றால் அந்தப் பிழையின் நிலை 5, பாஸ்வேர்டு பொருந்தவில்லையென்றால் 8 என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே நிற்பவனுக்கு 1 என்று மட்டுமே அருளி, மெய்க்காரணத்தைத் தம் அந்தரங்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். திருடனுக்குத் துப்புக் கிடைத்துவிடக் கூடாதல்லவா? திருடன் ஜிஎஸ்டி கெடு பார்த்து வருவதில்லையாதலால், இந்தப் பாதுகாப்பின் பலன் முழுவதும் கணக்குப்பிள்ளைக்கே சேர்கிறது.

டேட்டாபேஸை எட்டும் இன்னொரு வழியாகிய ஓடிபிசி வாசலுக்குப் போனால் விண்டோஸ் ஸ்தபதியின் கைவண்ணம். 32 பிட்டுக்கு உரிய அமைப்புக் கருவியை ‘சிஸ்வாவ்64’ அறையிலும், 64 பிட்டுக்கு உரியதை ‘சிஸ்டம்32’ அறையிலும் குடிவைத்திருக்கிறார். பெயரைப் பார்த்து ஆளை எடை போடாதே என்ற உபதேசத்தைக் கட்டடமாகவே கட்டிய ஞானி அவர்.

இன்றும் ஜிஎஸ்டி கெடு நாளாகிய 20-ஆம் தேதி. தேனி பஸ் கண்டக்டர் கூவுவது மாடிவரை கேட்கிறது. கணக்குப்பிள்ளை மஞ்சள் சீட்டைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, ஒன்பதாம் முறை தட்டுகிறார். தாங்களும் சற்றும் சலிக்காமல், முகம் கோணாமல், முதன்முறை பார்ப்பவர்போல் யாரென்று கேட்டருளுகிறீர்கள்.