28 சோர்சா: எண்ணியல் நோக்கில் ஒரு வெடியாய்வு

சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியலில் ‘28 சோர்சா’ என்று ஒரு சரவெடி உண்டு. 25 இல்லை, 30 இல்லை, அதென்ன 28? இதில் யாரும் முனைவர் பட்டம் வாங்காதது ஆய்வுலகின் பெருங்குறை. அதைத் தீர்க்கவே 2017 ஆடிக் கடைசி வெள்ளியன்று, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில், ஆற்று மணலில் துண்டை விரித்து ஒரு சரத்தைப் பிரித்தேன்.

முதலில் கோட்பாடு. 28ஐ மீதியில்லாமல் வகுக்கும் பங்காளிகள், 28ஐத் தவிர்த்து, 1, 2, 4, 7, 14. கூட்டினால் மறுபடி 28. இப்படி வருவது நிறைவெண். 6 மூத்தது, 28 அடுத்தது. பிறகு 496, 8128. யூக்ளிட் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: 1, 2, 4 என இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போ, கூட்டுத்தொகை பகா எண்ணாகிற இடத்தில், இங்கே 7இல், நில், கடைசி எண்ணால் பெருக்கு. நாலேழு இருபத்தெட்டு.

இந்த உரைகல்லில் பட்டியலை உரசிப் பார்த்தேன். 24 டீலக்ஸின் பங்காளிகளைக் கூட்டினால் 36. மிகையெண், கொழுத்த சாதி. 50 டீலக்ஸுக்கு 43தான், குறைவெண், பாவம். 100 வாலா 117க்கு ஊதிப்போகிறது. 28இன் பங்காளிகளோடு 28ஐயும் சேர்த்தால் 56. பட்டியலில் ‘56 ஜெயண்ட்’ இருக்கிறது! தற்செயல் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. 496 வாலாவை மட்டும் நான் எங்கும் கண்டதில்லை, வியாபாரிகளின் அவசரம்.

சைவ மூலாகமங்கள் 28. அணுக்கரு இயற்பியலிலும் 28 ஒரு மந்திர எண். அத்தனை புரோட்டானோ நியூட்ரானோ கொண்ட கரு அலாதி உறுதியோடு இருக்குமாம். கொளுத்தினால் சிதறுவதற்கென்றே பின்னிய சரத்துக்கு இது பொருந்தாது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இனி களம். உடன் வந்த பிள்ளைகள் நாலு பேர், ஆளுக்கு ஏழு. சிவப்புத் தாள் வெடிகளைத் திரி திரியாகக் கழற்றிப் பங்கு வைத்தேன். விரலெல்லாம் சாம்பல் நிற மருந்து. பொங்கல் பானைக்கு ஓலை தள்ளிக்கொண்டிருந்த அத்தை, “ஏய்யா, வெடிக்கத்தான வாங்குன? எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க! அடுப்ப விட்டுத் தள்ளிப் போய்யா” என்றார். ஆய்வாளர்கள் எக்காலத்திலும் புரிந்துகொள்ளப்பட்டதில்லை. தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

நாலாவது பிள்ளைக்கு ஆறுதான் வந்தது. திரும்ப எண்ணினேன்: 27. அதன் பங்காளிகள் 1, 3, 9, மொத்தமே 13. ஒரே ஒரு வெடி குறைந்ததும் நிறைவெண் இப்படியா நொடித்துப்போகும்? நட்சத்திரங்களும் 27தான், கணக்கில் விட்டுப்போன 28ஆவது அபிஜித் என்று குறிப்பேட்டில் எழுதி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்துவிட்டது. எனவே இச்சோதனையைத் திரும்பச் செய்ய வழியில்லை. என் முடிவை மறுக்கவும் ஆளில்லை.

முடிவை எழுதப் பேனாவை எடுத்தபோது கரைப்பக்கம் ‘டப்’ என்றது. நாலாமவன் கையைத் தட்டிக்கொண்டே வந்தான்.

“ஏழு மாமா!”