தாசில்தார் (ஓய்வு)

எங்கள் ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. அரை டிராயர் வயதில் நான் 'கர்ணம் வீட்டுக் கடைக்குட்டி'. டிகிரி முடித்ததும் 'சும்மா இருக்கிற பையன்'. இந்தப் பதவிக்கு நியமன ஆணை கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலக அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், தடையின்றித் தொடரலாம். கல்யாண வீடுகளில் பெரியவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, "தம்பி என்ன பண்ணுது?" என்று அப்பாவிடம் கேட்பார்கள்.

தேர்வாணையப் பரீட்சை எழுதி வருவாய்த் துறையில் நுழைந்ததும் அதே பெரியவர்களுக்கு என் ஜாதகம் அவசரமாகத் தேவைப்பட்டது. மெல்ல மெல்லத் தாசில்தார் ஆனேன். பச்சை மைக் கையெழுத்து. பந்தியில் உட்கார்ந்தால் இரண்டாவது வடை கேட்காமலே இலையில் விழும். நான் வாயைத் திறந்தாலே ஆபீஸில் சிரிப்பார்கள். சில சமயம் நான் சொல்லவந்தது இரங்கல் செய்தியாகக்கூட இருக்கும்.

2020 ஏப்ரல் 30 எனக்குக் கடைசி நாள். மாலை, சால்வை, ஜீப்பில் வீடுவரை ஊர்வலம் என்று மற்றவர்களுக்கெல்லாம் முன்னின்று நடத்தியவன் நான். ஊரடங்கு என்பதால் எனக்குக் கிடைத்தது ஒரு முகக்கவசமும் இரண்டு சொட்டு சானிடைசரும். போகட்டும். மே 7-ஆம் தேதி, ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கி அரசாணை வந்தது. அடுத்த ஆண்டே அது 60 ஆனது. என்னைவிட ஒரே மாதம் இளைய சக தாசில்தார் ஒருவர் கூடுதலாக இரண்டு வருடம் வடை வாங்கினார்.

இப்போது ஆண்டுதோறும் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போய் நான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். தாலுகாவில் செத்தவர்களுக்கு யார் யார் வாரிசு என்று சான்று கொடுத்த எனக்கே இந்த நிலை. கைரேகைக் கருவி என் கட்டைவிரலை ஏற்கவில்லை. "வேற விரல் வைங்க சார்" என்றார் கருவியோடு உட்கார்ந்திருந்த தம்பி, தலை நிமிராமலே. கட்டைவிரலில் நான் இல்லை. ஆள்காட்டி விரலில் இருந்தேன்.

மிச்சமிருந்த பச்சைப் பேனாவில் பால் கணக்கு எழுதுகிறேன். பால்காரர் அதை ஒருமுறை தானும் கூட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

என் மனைவிக்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அன்றும் விடியற்காலை ஐந்து மணி, இன்றும் ஐந்து மணி. நான் ஓய்வு பெற்றதில் அவளுக்குப் பகலில் இரண்டு காபி கூடியதுதான் பலன். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டார்கள். வீட்டு வேலைக்கும் ஒரு மதிப்பு, மாதம் 1,000 ரூபாய் என்றதும் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். விதிமுறையை நான்தான் படித்துச் சொன்னேன்: அரசு ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்துக்குக் கிடையாது.

"இத்தனை வருஷம் உழைச்சது நான். தகுதி இல்லாமப் போனது உங்களாலயா?" என்றாள்.

ஆமாம். விதி தெளிவாக இருக்கிறது. நான் பதவியில் இருந்திருந்தாலும் அந்த மனுவைத் தள்ளுபடிதான் செய்திருப்பேன்.