எழுபது கிலோ தாடையும் சாமைக் கல்லும்

ஜவ்வாது மலைக்குப் போய் வந்தவர்கள் பீமன் அருவி, ஜமுனாமரத்தூர்ப் படகு, காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று அளப்பார்கள். நான் பேசப்போவது என் தாடையைப் பற்றி. அந்த மலைச் சாப்பாட்டில் அது பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடையின் குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே சுழலும். இன்னும் அகலத் திறந்தால் குழியை விட்டு முன்னால் சறுக்கும். வீட்டுக் கதவின் கீல் இப்படி நகர்ந்தால் ஆசாரியைக் கூப்பிடுவோம். இங்கே அதுதான் ஒழுங்கு.

பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர் தசை. நெற்றிப்பொட்டில் துடிப்பது டெம்பொராலிஸ். மூட்டு காதோரம், தசை நடுவில், பல் முன்னால். மூட்டுக்குப் பக்கத்தில் போகப்போகப் பலம் கூடும். பாக்கை நாம் கடைவாய்க்குத் தள்ளுவது அதனால்தான். அங்கே மூச்சைப் பிடித்துக் கடித்தால் 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான விசை பிறக்கும். முன்பல்லில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறலாம். 1986இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஹோஃப்மன் என்பவர் 442 கிலோ அளவுக்குக் கடித்து கின்னஸில் ஏறினார். இரண்டே விநாடிதான். யார் மீது கோபமோ!

இவ்வளவு வீரத்தோடு ஜமுனாமரத்தூரில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். களியும் கீரைக் குழம்பும் வந்தன. மெல்ல ஆரம்பித்ததும் பரிமாறிய அம்மா பதறிவிட்டார்.

“சார், களிய மெல்லாதீங்க. பல்லுல அப்பிக்கும். அப்படியே முழுங்குங்க.”

வேலைக்கு வந்த தாடையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உணவு வாய்க்குள் நீராகும்வரை மெல்லவேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த அமெரிக்கர் ஹொரேஸ் ஃப்ளெட்சர் (1849-1919) அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், முதல் உருண்டையிலேயே கொள்கையைக் கைவிட்டிருப்பார்.

அடுத்து சாமைச் சோறு வந்தது. தாடைக்கு உயிர் வந்தது. விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில், நேர் மேலும் கீழுமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து, ஒழுங்காக அரைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ‘நறுக்’. கல்! என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் வாய் தானாகத் திறந்து நின்றது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சவ்வு. அதிலுள்ள நரம்புகள் மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்ப, கடிக்கும் தசைகள் சட்டென்று தளர்ந்துவிடுகின்றன. என்னைக் கலந்துகொள்வதே கிடையாது. என் வீட்டிலும் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன என்பதால் நான் வருத்தப்படவில்லை.

பக்கத்தில் மாமா. அவருக்கு முழுசெட் கட்டுப்பல். கட்டுப்பல்லில் அந்தச் சவ்வு கிடையாது; கடிக்கும் பலமும் சொந்தப் பல்லில் கால்வாசிதான். அவர் பாட்டுக்குக் கறகறவென்று மென்றுவிட்டு, “சோறு நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, கொஞ்சம் வேகல” என்றார்.

என்னைக் கேட்டால், தாடையின் பெருமை அந்த எழுபது கிலோவில் இல்லை, சமயத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. மலைச் சாமை வாங்கினால் கல் அரித்துவிட்டு உலை வையுங்கள். கட்டுப்பல் மாமா உள்ள வீடென்றால் இரண்டு தடவை அரியுங்கள்.